அறுபது தாள் மணிப்பூ

எங்கள் பிரான்சில், ஆல்ப்ஸ் மலையடிவாரத்து ஊர்களில், ஒரு காத தூரத்திலிருந்தே அடையாளம் சொல்லிவிடக்கூடிய பிராணி ஒன்று உண்டு. முழங்கால் இரண்டிலும் பச்சைக் கறை. தோளில் குறுக்காகத் தொங்கும் நீளமான தகரப் பெட்டி. கழுத்தில் கயிறு கட்டிய பூதக்கண்ணாடி. நல்ல பாதை இருக்கும்போது பாதையில் நடக்காது. சாக்கடை ஓரம், இடிந்த சுவர், பிறர் வேலி, இவைதாம் அதன் மேய்ச்சல் நிலம். மருந்துக்கடைக்காரர், பங்குச் சாமியார், ஓய்வு பெற்ற ராணுவ டாக்டர் ஆகியோரின் உடம்பில் குடியேறும். மிக அபூர்வமாகப் பெண்ணுடம்பிலும் தென்படும். அந்த அபூர்வ மாதிரி நான்தான். இதற்குத் தாவரவியலாளர் என்று பெயர். எங்கள் ஊரான செர்-லெ-புவாவில் இதற்கு வழங்கிய பெயரை அச்சிட முடியாது.

இந்தப் பிராணியை மலையுச்சிக்கு அழைத்துப் போங்கள். கீழே மூன்று பள்ளத்தாக்கு, ஒரு ஏரி, பனிச்சிகரங்கள் மேல் சூரிய வெளிச்சம் என்று உலகமே விரித்து வைத்திருக்கும். வந்தவர்கள் எல்லோரும் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கண்கலங்கி நிற்பார்கள். இது மட்டும் அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு, குப்புறப் படுத்து, ஒரு பாசியின் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். "காட்சி எப்படி?" என்று கேட்டால், "இதன் வித்துப்பை பக்கவாட்டில் திறக்கிறது" என்று சொல்லும். நான் அந்த ஏரியை முதன்முதலாகப் பார்த்தது ஐம்பத்திரண்டாவது வயதில், வழுக்கி அதற்குள் விழுந்தபோது.

என் மாமியாரை அடக்கம் செய்த அன்று குழிமேட்டில் மண்டியிட்ட நான் எழுந்திருக்கவே இல்லை. ஊரே உருகிப்போயிற்று. இப்படி ஒரு மருமகளா என்று கிழவிகள் மூக்கைச் சிந்தினார்கள். புதிதாக வெட்டிப் போட்ட மண்ணில், எங்கள் மாவட்டத்தில் அதுவரை யாருமே பதிவு செய்யாத ஒரு களை முளைவிட்டிருந்தது. சும்மாவா எழுந்திருப்பேன்? சாமியார் ஜெபம் முடித்துத் தீர்த்தம் தெளித்தபோது அது என் கைக்குட்டைக்குள் இருந்தது. தீர்த்தம் பட்ட செடி என்பதால் காய இரண்டு நாள் கூடுதலாயிற்று.

ராணுவ டாக்டர் ஒருவர் பாறையிலிருந்து நூறடி கீழே விழுந்த கதையையும் சொல்லிவிடுகிறேன்; நம்புவது உங்கள் விருப்பம். விழுந்துகொண்டே வழியில் தென்பட்ட செடிகளின் லத்தீன் பெயர்களை வரிசையாகக் கத்திக்கொண்டு போனார். மேலே நின்ற நாங்கள் குறித்துக்கொண்டோம். நான்காவது பெயர் தவறு என்று என் கணவர் குனிந்து கத்தினார். பைன் மரக் கிளையில் மாட்டிக்கொண்ட டாக்டர் முதலில் கேட்டது கயிறு இல்லை, ஆதாரம்.

வீட்டுக்குள் வாருங்கள், பார்த்து மிதியுங்கள். நாற்காலிகளின் மேல் செடித் தாள்கள், தாள்களின் மேல் பலகைகள், பலகைகளின் மேல், செடி தட்டையாகக் காய, கருங்கற்கள். மெத்தைக்கு அடியிலும் செடி. நான் இரண்டு பிள்ளைகளைச் சுமந்த மாதங்களில் காய்ந்தவைதான் எங்கள் தொகுப்பிலேயே தட்டையானவை, அவ்வளவு பாரம். வருகிற செய்தித்தாளெல்லாம் செடிக்கு ஈரம் உறிஞ்சப் போய்விடும். காய்ந்து திரும்பிய பிறகுதான் படிக்கக் கிடைக்கும். கிரிமியாவில் போர் மூண்ட செய்தியை என் கணவர் ஒரு முட்செடிக்கு அடியிலிருந்து எடுத்து, அதிர்ச்சியோடு சந்தைக்கு ஓடி அறிவித்தபோது, அந்தப் போரில் ஒரு காலை இழந்தவர் அங்கே ஊன்றுகோலோடு சீஸ் வாங்கிக்கொண்டிருந்தார்.

என் கணவர் ஒனேசிம் மருந்துக்கடை வைத்திருந்தார். வைத்திருந்தார் என்றுதான் சொல்ல முடியும், நடத்தினார் என்று சொன்னால் மிகை. இருமலுக்கு மருந்து கேட்டு வருகிறவரின் சட்டையில் ஒட்டிய விதையைப் பிய்த்து வைத்துக்கொண்டு, அது எந்த வயலில் ஒட்டியது என்று அரை மணி விசாரிப்பார். இருமல் அதற்குள் தானாக நின்றுவிடும். அவருக்கு நல்ல கைராசி என்று பெயர்.

இந்தப் பிராணியின் உயிர் எங்கே இருக்கிறது தெரியுமா? பெயரில். ஒரு செடிக்குப் புதிய லத்தீன் பெயர் சூட்டி, அதன் வாலில் தன் பெயரைச் சுருக்கி ஒட்டிவிட்டால் பிறவிப் பயன் கிட்டிற்று. அதற்காக ஒரே செடியை நாலாகப் பிளப்போம், ரோமம் இருந்தால் ஒரு இனம், இல்லாவிட்டால் இன்னொன்று. பக்கத்துப் பங்கின் கொம்பலோ சாமியார் எங்கள் போட்டியாளர். ஒருநாள் என் கணவரின் புதிய இனத்தைப் பார்க்க வந்தார்.

"ஒனேசிம், இதுல ரோமமே இல்லையேப்பா!"

"கண்ணாடியத் துடைச்சுட்டுப் பாருங்க சாமி. காம்புல ஏழு இருக்கு."

"இதுவா? இது உம்ம பூனை முடிய்யா!"

"பூனையைப் பத்தி எனக்குச் சொல்லித்தர வேணாம் சாமி."

"ஏன், பூனைக்கும் லத்தீன்ல புதுப் பேரு வெச்சிருக்கீரா?"

பூனை முடிதான். ஆனால் அதற்குள் அந்த இனம் அச்சேறிவிட்டது.

அச்சேறினால் போதாது. நிற்க வேண்டும். லியோன் நகரத்தில், உலர்ந்த செடிகளை மாற்றிக்கொள்ளும் எங்கள் பரிமாற்றச் சங்கம் இருந்தது. அதன் செயலாளர் முசியே பெரிஷோன் ஆண்டுக்கொரு முறை ஏடு வெளியிடுவார். அதில் புதிய இனங்களை ஒவ்வொன்றாக எடுத்து, "இது வேறொன்றுமில்லை, பழையதே" என்று ஒரு வரியில் அடித்துவிடுவார். பல்லுப் பிடுங்குகிறவருக்குக்கூட இவ்வளவு வேகம் கிடையாது. என் கணவர் இருபத்தாறு வருஷத்தில் பெயர் சூட்டியவை பதினொன்று. பதினொன்றும் போயின. ஒவ்வொரு ஏடு வந்த அன்றும் அவர் உருளைக்கிழங்கைத் தொடாமல் எழுந்துவிடுவார்.

சக்கரவர்த்தி ஆட்சியின் கடைசி வருஷங்களில் ஒரு ஜூலை. அவருக்கு நெஞ்சுவலி வந்திருந்தது. இனி மலை ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பாறையிலிருந்து விழுந்த அதே டாக்டர். "கடைசியா ஒரே ஒரு தடவை" என்று கெஞ்சி என்னோடு ஆட்டுக் கணவாய்க்கு ஏறினார். கோவேறு கழுதை அவரைச் சுமந்தது. தகரப் பெட்டியை நான் சுமந்தேன். கணவாய்க்குக் கீழே சரளைக்கல் சரிவில் என் காலணிக்குள் கல் புகுந்தது. உட்கார்ந்து காலணியைக் கழற்றினேன். ஊன்றிய கைக்குப் பக்கத்தில் ஒரு சிறிய நீல மணிப்பூ. விரலுயரம். மணியின் விளிம்பு திருகித் திருகி, பிழிந்த துணிபோல இருந்தது.

ஒனேசிமைக் கூப்பிட்டேன். பூதக்கண்ணாடியை வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"செராஃபீன், இது யாருக்குமே தெரியாததுடி."

"பூனை முடி இருக்கான்னு பாருங்க."

"விளையாடாத. இதுக்கு உன் பேரு. செராஃபீன் மணிப்பூ. ஒண்ணாவது நிக்கணும்டி. நான் போறதுக்குள்ள ஒண்ணே ஒண்ணு நிக்கணும்."

அதுவரை அவர் எனக்கு வாங்கித் தந்த ஒரே ஆபரணம் செடி எடுக்கும் இடுக்கி. எனவே என் கண் கலங்கிற்று. கலங்கின கண்ணோடுதான் எண்ணத் தொடங்கினேன். ஏன் எண்ண வேண்டும்? சங்கத்தின் விதி அப்படி. புதிய இனம் செல்லுபடியாக வேண்டுமானால் அதன் உலர்ந்த மாதிரிகள் அறுபது, உறுப்பினர் ஒருவருக்கு ஒன்றாக, பூவும் இலையும் வேரும் முழுசாக லியோனுக்கு அனுப்ப வேண்டும். ஒன்று குறைந்தாலும் பார்சல் திரும்பிவிடும். சரிவு முழுக்கத் தவழ்ந்து எண்ணினேன். அறுபத்து நான்கு.

"பாத்தியா!" என்று குதித்தார் ஒனேசிம். "நாலு மிச்சம்!"

இந்த ஆனந்தக் கூச்சலைக் கேட்டு, மேலே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மெலி இறங்கி வந்தாள். கணவாயில் கல்வீட்டில் தனியாக இருப்பவள். கம்பளி பின்னிக்கொண்டே நடப்பாள், பின்னிக்கொண்டே பேசுவாள்.

"என்ன மருந்துக்கடையம்மா, ஏதாச்சும் தொலைச்சிட்டீங்களா?"

"இல்ல மெலி. கண்டுபிடிச்சிருக்கோம். இந்தப் பூ."

"இதா? இது நான் பொறந்ததுலேர்ந்து இங்கதான இருக்கு. நீங்கதான் இப்ப வந்திருக்கீங்க."

"இதுல அறுபது வேணும்."

"அறுபதா? சூப்பு வெக்கவா?"

"காய வெச்சு அறுபது பேருக்கு அனுப்பணும்."

"அவங்க என்ன பண்ணுவாங்க?"

"அலமாரியில வெப்பாங்க."

"அப்புறம்?"

இந்தக் கேள்வியை எங்கள் சங்கத்தில் எவரும் எழுப்பியதில்லை. ஒனேசிம் கத்தியைத் தீட்டினார்.

"என் ஆடு தழையத் தின்னுட்டு வேர விட்ரும்மா. ஆட்டுக்கு இருக்கிற..." என்று தொடங்கிய மெலி, மரியாதைக்காக வாயை மூடிக்கொண்டாள். முழுசாகச் சொல்லியிருந்தால் அவ்வளவு சுட்டிருக்காது.

"பயப்படாத மெலி," என்றார் ஒனேசிம். "அடுத்த பாறையில கட்டாயம் இருக்கும்."

இதுதான் எங்கள் மதம். அடுத்த பாறையில் கட்டாயம் இருக்கும். கிறிஸ்தவத்தில் எங்களுக்குச் சந்தேகங்கள் உண்டு, இதில் கிடையாது. அடுத்த வாரம் நான் தனியாக ஏறி அடுத்த பாறையைப் பார்த்தேன். அதற்கடுத்ததையும் பார்த்தேன். அதற்கும் அடுத்ததில் ஒரு கழுகு என்னைப் பார்த்தது. பூ இல்லை. சரி, நான்காவது பாறை என்று ஒன்று இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டு இறங்கினேன். பாறைகளுக்கா பஞ்சம்?

அறுபது போயின. எங்கள் அலமாரிக்கு ஒன்று வேண்டாமா? அறுபத்தொன்று. கொம்பலோ சாமியாருக்கு ஒன்று கொடுக்காவிட்டால் அவரே ஏறி வந்து எல்லாவற்றையும் பிடுங்கிவிடுவார், ஆகவே செடியைக் காப்பாற்றுவதற்காகவே ஒன்று பிடுங்கினோம். அறுபத்திரண்டு. ஆகஸ்ட் மழையில் ஒரு தாள் பூஞ்சணம் பிடித்தது, மாற்று வேண்டும். அறுபத்து மூன்று. ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்தது. கவனித்தீர்களா, எங்கள் இனத்துக்குக் காரணம் மட்டும் எந்தப் பருவத்திலும் பூக்கும்.

செப்டம்பரில் முசியே பெரிஷோனிடமிருந்து கடிதம். மாதிரிகள் அழகு, ஆனால் பூவை மட்டும் வைத்துத் தீர்மானிக்க முடியாது, குளிரில் குறுகிப்போன சாதாரண மணிப்பூவாகவும் இருக்கலாம், முற்றிய விதைப்பை ஒன்று வேண்டும், மாத முடிவுக்குள் வராவிட்டால் வழக்கமான முடிவுதான்.

வழக்கமான முடிவு. ஒனேசிம் கடிதத்தை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். படியேறவே அவருக்கு மூச்சு வாங்கிய நாட்கள் அவை. "விட்ரலாம்டி, பதினொண்ணோட பன்னெண்டா போவட்டும்" என்றார். உருளைக்கிழங்கைத் தொடாமல் எழுந்தார்.

மறுநாள் விடிந்ததும் ஏறினேன்.

மெலி அந்தக் கடைசிச் செடியைச் சுற்றிக் கற்களை அடுக்கி, தொட்டில் அளவுக்கு ஒரு பட்டி கட்டி வைத்திருந்தாள். பக்கத்திலேயே உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தாள். பெட்டியைப் பார்த்ததும் ஊசி நின்றது.

"ஒண்ணுதாம்மா இருக்கு. இதையும் புடுங்கிட்டா அடுத்த வருசம் எதைப் புடுங்குவீங்க?"

"புடுங்க வரலடி. விதைக்கு வந்தேன். அவருக்கு உடம்பு முடியல, மெலி."

அவள் ஒனேசிமின் இருமல் மருந்தில் பிழைத்தவள். அல்லது அவருடைய விசாரணையில்.

"எத்தனை காய்?"

"மூணு இருக்கு. ஒண்ணு லியோனுக்கு. ரெண்டை நானே வெச்சிருந்து, பனி உருகினதும் வந்து இங்கயே தூவுறேன். சத்தியமா."

"எந்தச் சாமி மேல?"

"நீ எந்தச் சாமியச் சொல்றியோ அந்தச் சாமி மேல."

"சாமிய விடுங்க. உங்க அலமாரி மேல பண்ணுங்க, நம்புறேன்."

பண்ணினேன். மூன்று காய்களையும் கிள்ளிக் காகிதத்தில் மடித்தேன். செடி நின்றது. அப்போது மேலே ஒரு ஆடு பாறை இடுக்கில் மாட்டிக்கொண்டு அலறவே, மெலி எழுந்து ஓடினாள்.

வாசகரே, அந்த ஆட்டின் மேல் இன்றும் எனக்குக் கோபம். நான் திரும்பிப் போயிருக்க வேண்டும். ஆனால் தலைக்குள் ஒரு கேள்வி மெல்ல வாலாட்டிற்று: காய் முற்றிய பருவத்தில் இதன் வேர் எப்படி இருக்கும்? தடித்திருக்குமா? பக்கக் கிளை விட்டிருக்குமா? முழுமையான வர்ணனைக்கு அது வேண்டாமா? நான் பிடுங்கவில்லை. பார்த்தேன். பார்ப்பதற்குக் கொஞ்சம் தோண்ட வேண்டியிருந்தது. இன்னும் கொஞ்சம். கத்தி முனையில் ஏதோ நறுக்கென்றது.

வேர் தடித்திருக்கவில்லை.

அவசரமாக நட்டேன். மண்ணை அமுக்கினேன். ஒரு கல்லை முட்டுக் கொடுத்தேன். மெலி ஆட்டோடு வந்து குனிந்து பார்த்தாள்.

"என்னமோ தலை சாஞ்சாப்ல இருக்கே?"

"காத்து," என்றேன். அன்று ஒரு புல்லும் அசையவில்லை.

இன்னும் விதை இருக்கிறதே என்று நினைக்கிறீர்கள். நானும் அதே நினைப்பில்தான் இறங்கினேன். வீட்டில் ஒரு காயை லியோனுக்குத் தனியாக வைத்தேன். மற்ற இரண்டின் விதைகளைப் பொட்டலம் கட்டி, "ஆட்டுக் கணவாய், வசந்தத்தில் தூவ" என்று அழகாக எழுதி மேசைமேல் வைத்தேன். பொட்டலத்தின் மேல் ஒரு சிறு வண்டு ஊர்ந்தது. எங்கள் வீட்டில் வண்டு என்றால் பக்கத்து வீட்டில் தீ என்பதுபோல. வருகிற மாதிரிகளையெல்லாம் பூச்சி அரிக்காமலிருக்க, பாதரச உப்பைச் சாராயத்தில் கரைத்த நஞ்சில் முக்கி எடுப்பது என் வேலை. அதுநாள்வரை ஆயிரக்கணக்கில் முக்கியிருப்பேன். கை தானாகப் போயிற்று. பொட்டலத்தை முக்கிற்று, எடுத்தது, கொடியில் தொங்கவிட்டது. இனி நூறு வருஷத்துக்கு எந்தப் பூச்சியும் அண்டாது என்று திருப்தியாகக் கையைத் துடைத்துக்கொண்டேன். துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் நான் எழுதியிருந்த எழுத்து கண்ணில் பட்டது. மை கரைந்து "தூவ" மட்டும் மிச்சம் இருந்தது.

நவம்பரில் ஏடு வந்தது. செடிக்கு ஈரம் உறிஞ்சப் போகும் முன்பே ஒனேசிம் அதைப் பிடுங்கிக்கொண்டார். முசியே பெரிஷோன் விதைகளை எண்ணி, பத்துப் பத்தாக அட்டையில் ஒட்டி, அளந்து, முதன்முறையாகத் தோற்றிருந்தார். செராஃபீன் மணிப்பூ; சூட்டியவர் ஒனேசிம்; தனி இனம்; ஐயமில்லை.

"நின்னுடுச்சுடி," என்றார். "செராஃபீன், நின்னுடுச்சு."

அன்று மூன்று தட்டு உருளைக்கிழங்கு சாப்பிட்டார். கொம்பலோ சாமியார் வந்து அவரைக் கட்டிக்கொண்டு, பூனைக்கும் ஆசி வழங்கினார். நான் வால்நட் உடைத்துக்கொண்டே இருந்தேன், ஒரு கூடை முழுவதும். அவரிடம் எதையும் சொல்லவில்லை. அவர் அடுத்த மழைக்காலம் வரை இருந்தார். அந்த ஏடு தலையணைக்கு அடியிலேயே இருந்தது, எங்கள் மெத்தையில் செடியில்லாத தாள் அது ஒன்றுதான்.

வசந்தத்தில் ஏறி, செத்த விதைகளைச் சத்தியத்துக்காகத் தூவினேன். மெலி மே மாதம் பார்த்தாள், ஜூனில் பார்த்தாள். ஜூலையில் எங்கள் கடைக்கு வந்து சீஸ் ஒன்றை மேசைமேல் வைத்தாள்.

"ஒண்ணும் வரலம்மா."

"அடுத்த பாறையில..."

"நாப்பது வருசமா அந்தப் பாறையெல்லாம் என் ஆட்டுக்குத் தெரியும். ஒண்ணே ஒண்ணு சொல்றேன். என் ஆட்டு மேல பழியப் போட்றாதீங்க."

போடவில்லை. மறு வருஷ ஏட்டில் முசியே பெரிஷோன் போட்டார்: "சமீபத்தில் காணப்படவில்லை, ஆடுகளால் அழிந்திருக்கலாம்." திருத்தம் எழுதி அனுப்பலாம் என்று பேனாவை எடுத்தேன். மை உறைந்திருந்தது. அடுத்த வருஷம் பேனாவைக் காணவில்லை. எங்கள் இனத்தின் காரணங்களைப் பற்றித்தான் முன்பே சொன்னேனே.

இப்போதும் கோடையில் தகரப் பெட்டிகள் என் கதவைத் தட்டுகின்றன. ஜெனீவாவிலிருந்து வருகிறார்கள், பாரீஸிலிருந்து வருகிறார்கள். செராஃபீன் மணிப்பூ எங்கே இருக்கிறது என்று கேட்கிறார்கள். "இன்னும் கொஞ்சம் மேலே" என்று சொல்லி, ரொட்டியும் சீஸும் கட்டிக் கொடுத்து அனுப்புகிறேன். சாயங்காலம் முழங்காலில் கறையோடு இறங்குகிறார்கள். இல்லை என்று ஒருவரும் சொல்வதில்லை. அடுத்த பாறையில் கட்டாயம் இருக்கும் என்கிறார்கள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்கள் தோளில் தகரப் பெட்டி இல்லை, உங்களுக்கு லத்தீன் தெரியாது, செடியும் களையும் ஒன்றுதான். நல்லது. ஆனால் ஒன்று கேட்கிறேன், உண்மையைச் சொல்லுங்கள். இவ்வளவு தூரம் படித்து வந்ததில், திருகின விளிம்புள்ள அந்தச் சின்ன நீல மணியை ஒரே ஒரு தடவை கையில் வாங்கிப் பார்த்தால் என்ன என்று தோன்றவில்லையா? அந்த அறுபது பேரில் யாராவது ஒரு கிழவர் செத்தால் அலமாரி ஏலத்துக்கு வருமே என்று மூளையின் ஓரத்தில் ஒரு கணக்கு ஓடவில்லையா? ஓடியிருந்தால் வெட்கப்படாதீர்கள், உள்ளே வந்து உட்காருங்கள், கல்லை மட்டும் நகர்த்தாதீர்கள். கொம்பலோ சாமியார் மோட்சம் போனபின் அவருடைய தாள் என்னிடம் வந்திருக்கிறது. எனக்கு இரண்டு எதற்கு? பரிமாற்றத்துக்குத் தயார். உங்கள் ஊர்ப் பக்கம் வேறு எங்கும் இல்லாதது ஏதாவது இருக்குமே, அதை அனுப்புங்கள். ஒன்றே ஒன்றுதான் மிச்சம் என்றால், தயவு செய்து வேரோடு.